பார்த்ததற்குக் காசா?

போன வாரம் எங்கள் தெரு நண்பர் ஒருவர் கோபமாக வந்தார். காரை ஒர்க்ஷாப்பில் விட்டிருக்கிறார். அங்கே இருந்த பையன் ஏதோ ஒரு சின்னப் பெட்டியை மாட்டி, முக்கால் மணி நேரம் திரையையே பார்த்துவிட்டு, கடைசியில் இன்ஜினில் இருந்த ஒரு எர்த் ஒயரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப முடுக்கிவிட்டு 600 ரூபாய் கேட்டானாம்.

"ஒரு ஸ்பேர் கூட மாத்தல சார். பார்த்ததுக்குக் காசாம்!"

வண்டி சரியாகிவிட்டதா என்று கேட்டேன். "அது ஓடுது" என்றார், அது ஏதோ வேறு சமாச்சாரம் போல.

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் மனதுக்குள் அந்தப் பையன் பக்கம்தான் இருந்தேன். ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். நண்பரும் படிப்பார்.

இரண்டு வருடம் முன்பு, ஐப்பசி மழையில், என் கார் ஒரு வியாதியோடு படுத்தது. 2012 மாடல் சின்ன வண்டி. பகலில் எங்கே போய் வந்தாலும் ஒன்றும் இருக்காது. இரவில் செங்கல்பட்டிலிருந்து மழையில் லைட், வைப்பர், ஏசி எல்லாம் போட்டுக்கொண்டு வந்தால், மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'கிடுக் கிடுக்' என்று மட்டும் சத்தம் வரும். செல்ஃப் எடுக்காது. தள்ளிவிட்டால் ஓடும். எழுபதைத் தொட்ட எங்கள் இருவரில் யார் தள்ளுவது?

முதல் மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். வண்டி ஓடும்போது 14.1 வோல்ட் காட்டியது. சரியான அளவுதான். "டைனமோ நல்லா இருக்கு சார், பேட்டரிதான் போச்சு" என்றார். ஆல்டர்னேட்டரை எங்கள் ஊரில் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். புது பேட்டரி 4,900 ரூபாய். பத்து நாள் ஒழுங்காக இருந்தது. அடுத்த மழையில் பழைய கதை. இரண்டாவது மெக்கானிக் செல்ஃபைக் கழற்றி கார்பன் மாற்றினார், 1,700. பிறகு ஒரு ரிலே. பிறகு பேட்டரி டெர்மினல். எட்டாயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்டப் போய்விட்டது. மாற்றிய எந்தப் பொருளும் கெட்டுப்போன பொருள் கிடையாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

பணம் கூடப் பரவாயில்லை. என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தார்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். வண்டி 'கிடுக்' என்றது. அந்த நேரத்தில் ஆட்டோவுக்கு அலைந்து, பஸ் பிடித்து, போய்ச் சேருவதற்குள் அன்றைய லிஸ்ட் முடிந்துவிட்டது. தேதி மூன்று வாரம் தள்ளிப் போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "ஏங்க, முப்பது வருஷம் பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் கொடுத்தீங்களே, நம்ம வண்டிக்கு என்னன்னு தெரியலையா?"

பதில் சொல்ல முடியவில்லை.

வந்தவாசி ரோட்டுப் பக்கம் ஒரு தம்பி புதிதாகக் கடை போட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஒரகடம் பக்கம் ஏதோ கார் கம்பெனியில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர். போனேன். அவர் பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. பை ஒன்றிலிருந்து கையடக்கமான ஒரு கருவியை எடுத்தார். இரண்டு கிளிப்பை பேட்டரியில் மாட்டினார். என்னை உட்காரச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், இங்க பாருங்க. சின்னச் சின்ன மேடா, ஒரே அளவுல வரிசையா வரணும். நடுவுல விட்டு விட்டு ஒரு பள்ளம் விழுது பாருங்க."

பார்த்தேன். பார்த்த நொடியில் எனக்கு வெட்கமாகிவிட்டது. அது ஆசிலாஸ்கோப். நாங்கள் சி.ஆர்.ஓ. என்று சொல்லி, முப்பது வருடம் வகுப்பில் வைத்திருந்த அதே சாமான்.

டைனமோவுக்குள் உற்பத்தியாவது ஏசி மின்சாரம், மூன்று ஃபேஸ். அதை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்ற உள்ளே ஆறு டயோடுகள் ஒரு தட்டில் இருக்கும். ஆறும் நன்றாக இருந்தால் வெளியே வரும் மின்சாரம் கிட்டத்தட்ட நேர்கோடாக, மேலே மட்டும் குட்டி மேடுகளோடு இருக்கும். ஒரு டயோடு அறுந்துவிட்டால் அதன் முறை வரும்போதெல்லாம் ஒரு பள்ளம் விழும். டைனமோவின் சக்தி குறைந்துவிடும். பகலில் லோடு இல்லாதபோது மீதி ஐந்து சமாளித்துவிடும். மழை ராத்திரியில் எல்லாவற்றையும் போட்டால் சமாளிக்க முடியாது, குறைவதை பேட்டரி கொடுக்கும், காலையில் பேட்டரி காலி. மல்டிமீட்டர் மேட்டையும் பள்ளத்தையும் சேர்த்து சராசரியாக ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறது: 14.1. அது பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்வி அவ்வளவுதான். (அதே மல்டிமீட்டரின் திருகை ஏசி பக்கம் திருப்பி வைத்திருந்தால் கூட சந்தேகம் வந்திருக்கும். யாரும் திருப்புவதில்லை. நானும் திருப்பவில்லை.)

நர்ஸ் கையைப் பிடித்து நாடி 72 என்று எழுதுகிறார். நல்ல எண். அதே ஆளுக்கு ஈசிஜி எடுத்தால் டாக்டர் நெற்றியைச் சுருக்குகிறார். நம் வயதில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மல்டிமீட்டர் நாடி பார்ப்பது, ஆசிலாஸ்கோப் ஈசிஜி எடுப்பது. மின்சாரம் நொடிக்கு நொடி, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள்ளும் எப்படி ஏறி இறங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும்.

டயோடு தட்டு மாற்ற, கூலியும் சேர்த்து 1,400 ரூபாய். பார்த்ததற்கு 500. இன்று வரை அந்த வியாதி திரும்பவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் கார் ரேடியோவில் பின்னணியில் 'ங்ஙீ' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தமும் கூட ஏறும். ரேடியோ பழசாகிவிட்டது என்று வால்யூமைக் குறைத்துக்கொண்டு ஓட்டினேன். அந்தப் பள்ளம்தான் அப்படிக் கத்தியிருக்கிறது. டயோடு மாற்றிய அன்று சத்தம் நின்றுவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் வாத்தியாருக்கு இது போதாதா?

ஆசிலாஸ்கோப் ஒன்றும் புது வித்தை கிடையாது. 1897-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்டினாண்ட் பிரௌன், கண்ணாடிக் குழாய்க்குள் எலக்ட்ரான் கதிரை ஆட வைத்து மின்சாரத்தின் உருவத்தைத் திரையில் காட்டினார். பின்னால் 1909-ல் மார்க்கோனியோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, ஆனால் அது கம்பியில்லாத் தந்திக்காக. நம் வீட்டுப் பழைய டிவிப் பெட்டியின் பிக்சர் டியூப் அந்தக் குழாயின் பேரன்தான்.

நான் வேலை பார்த்த பாலிடெக்னிக்கில் நான்கு சி.ஆர்.ஓ. இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன டிரங்குப் பெட்டி கனம், பச்சைக் கோடு. துணி போர்த்தி வைத்திருப்போம். பையன்கள் வருவார்கள், சைன் வேவ் வரவழைப்பார்கள், கிராஃப் தாளில் பென்சிலால் வரைவார்கள், லிசாஜூ படம் வரைவார்கள், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கையெழுத்துப் போடுவார், திரும்பப் போர்த்திவிடுவோம். ஒரு பையன் கேட்டான்: "இதை வெளியில எதுக்கு சார் யூஸ் பண்ணுவாங்க?" டிவி ரிப்பேருக்கு என்றேன். வெளியே நின்றுகொண்டிருந்த பிரின்சிபாலின் அம்பாசடருக்கு மாட்டிக் காட்டியிருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் திறக்கும்போது காயிலில் எழும் அலை எவ்வளவு அழகான பாடம்! 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் வண்டியில் காயிலின் முதல் சுற்றிலேயே சில நூறு வோல்ட், பிளக் முனைக்குப் போகும்போது பல்லாயிரம் வோல்ட். கண்டன்சர் வீக்காக இருந்தால் அலை வேறு மாதிரி, பிளக் இடைவெளி அதிகமானால் வேறு மாதிரி. வெளிநாட்டு ஒர்க்ஷாப்புகளில் அந்தக் காலத்திலேயே இதற்கென்று அலமாரி சைஸில் கருவிகள் இருந்தன. எங்களிடமும் கருவி இருந்தது, கற்பனை இல்லை. அந்தக் குறையில் பெரும் பங்கு என்னுடையது.

பழைய மெக்கானிக்குகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. காது கொடுத்துக் கேட்டே "மூணாவது பிளக் அடிக்கல" என்று சொன்ன கைராசிக்காரர்கள் நம் பஜாரிலேயே இருந்தார்கள். அம்பாசடருக்கும் பியட்டுக்கும் அது போதும். ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு ஸ்க்ரூ டிரைவர், உப்புத்தாள் ஒரு துண்டு. ஒயர் பத்து இருந்தால் அதிகம். பொருளை மாற்றிப் பார்ப்பதும் அன்றைக்கு நியாயமான வழிதான். கண்டன்சர் சில்லறைக் காசு, மாற்றிப் பார்த்தால் என்ன நஷ்டம்?

இன்றைய வண்டி அப்படி இல்லை. 2000-க்குப் பிறகு கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6. இப்போது டூவீலரிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. காருக்குள் இன்ஜினுக்கு ஒரு பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று. இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள இரண்டே இரண்டு முறுக்கிய ஒயர். கேன் லைன் என்பார்கள், பாஷ் கம்பெனி 1986-ல் அறிமுகம் செய்தது. சும்மா இருக்கும்போது இரண்டிலும் இரண்டரை வோல்ட். பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். இது பல வண்டிகளில் நொடிக்கு ஐந்து லட்சம் துடிப்பு வேகத்தில் நடக்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் இரண்டிலும் இரண்டரைக்குப் பக்கத்தில் ஏதோ காட்டும். உள்ளே சண்டையா சமாதானமா என்று அதற்குத் தெரியாது. பழைய பல்பு டெஸ்ட் லாம்ப்பை இந்த ஒயர்களில் குத்திப் பார்ப்பது இன்னும் மோசம். பல்பு இழுக்கும் கரண்டைத் தாங்காமல் கம்ப்யூட்டரே போகலாம், அதன் விலையைக் கேட்டால் செல்ஃப் எடுக்காதது நமக்கு.

"அதான் ஸ்கேனர் இருக்கே" என்பார்கள். இருக்கிறது. இப்போது சின்ன ஒர்க்ஷாப்பிலும் ஸ்கேனர் வைத்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் ஸ்கேனர் சொல்வது வண்டியின் கம்ப்யூட்டர் என்ன நினைக்கிறது என்பதைத்தான். கம்ப்யூட்டர் நினைப்பது சரியா என்று சொல்ல அதற்கு வழியில்லை.

இதற்கு நான் நேரில் பார்த்த கதை ஒன்று. நெல் வியாபாரி ஒருவரின் கார். ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் சில சமயம் இன்ஜின் அணைந்துவிடும். ஸ்கேனர் 'கிராங்க் சென்சார்' என்றது. மாற்றினார்கள். திரும்ப அணைந்தது. டூப்ளிகேட் சென்சார் என்று சந்தேகப்பட்டு ஒரிஜினல் வாங்கி மறுபடியும் மாற்றினார்கள். அதற்கும் அதே புத்தி. கடைசியில் நம் வந்தவாசி ரோட்டுத் தம்பியிடம் வந்தது. நான் அப்போது சும்மா அங்கே உட்கார்ந்திருந்தேன். (ரிட்டையரானவனுக்கு ஒர்க்ஷாப் ஸ்டூல் நல்ல இடம்.)

இன்ஜினின் பல் சக்கரத்துக்குப் பக்கத்தில் இந்த சென்சார் இருக்கும். பல வண்டிகளில் அறுபது பல் இருக்க வேண்டிய சக்கரத்தில் இரண்டு பல்லை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். அந்த இடைவெளியை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடும். திரையில் அது தெளிவாகத் தெரிந்தது: ஐம்பத்தெட்டு அலை, ஒரு இடைவெளி, மறுபடி ஐம்பத்தெட்டு. அலை நன்றாகவே இருந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே ஒயரிங்கை ஒரு முனையிலிருந்து கையால் லேசாக ஆட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் ஆட்டியபோது அலை அறுந்து அறுந்து வந்தது. டேப்பைப் பிரித்தால், எலி கடித்த ஒயர். ஒரே ஒரு இழைதான் மிச்சம். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் எலி ஷெட்டுக்கு வந்துவிடுகிறது, நம் ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்கு எலி தெரியாது. சிக்னல் வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். சென்சாரைக் கைகாட்டிவிட்டது.

இரண்டு சென்சார் காசு வீண். வேலையோ சாலிடரிங், டேப்.

அந்தக் கருவியால் செய்யக்கூடிய இன்னொரு வேலை எனக்கே ஆச்சரியம் தந்தது. பேட்டரி ஒயரைச் சுற்றி ஒரு கிளாம்ப்பைப் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி செய்துவிட்டு, செல்ஃபை மட்டும் சில நொடி சுற்ற விடுகிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் கொஞ்சம் அதிகம் திணறும், கரண்டு கொஞ்சம் அதிகம் இழுக்கும். திரையில் நான்கு மேடு நான்கு மேடாக வருகிறது. ஒரு மேடு மட்டும் குட்டையாக இருந்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. ஒரு நட்டைக் கூடக் கழற்றாமல், இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா வேண்டாமா என்ற முடிவுக்கு ஐந்து நிமிடத்தில் கிட்ட வந்துவிடலாம். 'இன்ஜின் வேலை' என்ற வார்த்தையைக் கேட்டாலே நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். அதற்கு முன் இந்தப் படத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லதல்லவா?

கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கத் தெரியாதவன் கையில் அது வெறும் கோடு. நல்ல வண்டியின் கோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் கெட்டதைக் கண்டுபிடிக்க முடியும். காயில் பக்கத்தில் நேராக மாட்டினால் கருவியே புகைந்துவிடும், அதற்குத் தனி அட்டென்யூவேட்டர் வேண்டும். விலையும் பலவிதம். சில ஆயிரம் ரூபாயில் கையடக்கக் கருவி கிடைக்கிறது, கார் வேலைக்கென்றே செய்த நல்ல செட் லட்சக் கணக்கில் போகும். எங்கள் தம்பியுடையது முதல் ரகம். போதுமானதாக இருக்கிறது. கருவியை விட அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆன காலம்தான் அவருக்குப் பெரிய செலவு.

அந்தக் கற்ற காலத்துக்கு யார் பணம் கொடுப்பது?

நண்பரின் கோபம் இங்கேதான் தப்பு என்று நினைக்கிறேன். பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், கூலிக்குக் கொடுக்கிறோம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டேன் என்கிறோம். அதனால் என்ன ஆகிறது? மெக்கானிக்குக்கு வருமானம் பொருள் மாற்றினால்தான். நாலு ஸ்பேரை மாற்றி எட்டாயிரம் வாங்கினவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, "போகட்டும், புதுசு போட்டாச்சு" என்று வந்துவிட்டேன். ஐந்நூறு ரூபாய்க்கு உண்மையைச் சொன்னவரிடம் பில்லைப் பார்த்து ஒரு நிமிடம் தயங்கினேன். ஆமாம், நானே தயங்கினேன். அவர் அதைக் கவனித்துவிட்டார். "எல்லாரும் இதுக்குத்தான் சார் சண்டை போடறாங்க. பேசாம ஸ்பேர் விலையில சேர்த்துடலாமான்னு இருக்கு" என்றார். அப்படிச் சேர்க்க ஆரம்பித்துவிட்டால், பிறகு அவருக்கும் மாற்றத் தேவையில்லாததை மாற்றத் தோன்றும். அவரைக் கெடுத்தது நாமாக இருப்போம். டாக்டருக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு, ஈசிஜிக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்றால் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோமே!

அதே சமயம் காசு கொடுக்கிறவனுக்கும் ஒரு உரிமை உண்டு. படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டி வைத்த கல்வெட்டு இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரையும், அவன் உறவுக்காரர்கள் பெயரையும் குடவோலையில் போடக் கூடாது என்கிறது. ஆயிரத்து நூறு வருடம் முன்பு கணக்குக் கேட்ட ஊர்க்காரர்கள், இன்று மெக்கானிக் "பேட்டரி போச்சு" என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பதில்லை. கேளுங்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒரு படம், மாற்றிய பிறகு ஒரு படம், இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடுத்தாக வேண்டும் என்றால் பார்த்தாக வேண்டும். வண்டி நன்றாக இருக்கும்போது சர்வீஸுக்கு விட்டால் அப்போதும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஈசிஜியை ஃபைலில் வைத்திருக்கிறோமே, அது போல. நாளைக்குக் கெட்டால் ஒப்பிட உதவும்.

அரசாங்கத்திடம் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கத் திட்டம் போட்டார்கள். ரோபோ, சிஎன்சி எல்லாம் வரட்டும், நல்லதுதான். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கின்றன, பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் கம்பெனிக்குப் போகாமல் ஊரிலேயே கடை போடுகிற பிள்ளையும் இருக்கிறான். அவனுக்காக ஒவ்வொரு ஐடிஐயிலும் ஒரு மூலையில் பழைய ஓடுகிற இன்ஜின் ஒன்று, பக்கத்தில் துணி போர்த்தாத ஆசிலாஸ்கோப் ஒன்று இருக்கட்டும். வாத்தியார் ஒரு ஒயரைத் தானே அறுத்து வைத்துவிட்டு "கண்டுபிடி" என்று சொல்லட்டும். நான் சொல்லாமல் விட்ட பாடம் அது.

நண்பரிடம் நேற்று மறுபடி பேசினேன். 600-க்கு பேரம் பேசி 400 கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மீதி 200-ஐ அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுங்கள் என்றேன். "பார்க்கலாம்" என்றார்.